எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் போராடினால் என்ன ஆகும்? ஃப்ளாய்ட் மரணமும் அமெரிக்காவின் சிற்றூர்களும்

'ட்விலைட்' படங்களைப் பார்த்தவர்களுக்கு ஃபோர்க்ஸ் என்ற ஊரைத் தெரிந்திருக்கும். எப்போதும் மழை, சுற்றிலும் காடு, காட்டுக்குள் ரத்தக் காட்டேரிகள். காட்டேரிகள் கற்பனை. ஊர் நிஜம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை நாலாயிரத்தைத் தாண்டாது.

2020 ஜூன் 3 அன்று அந்த ஊருக்குள் ஒரு வெள்ளை நிறப் பழைய ஸ்கூல் பஸ் வந்தது. ஓட்டி வந்தது ஸ்போகேன் நகரத்துக் குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, 16 வயது மகள், கணவரின் அம்மா. கலப்பினக் குடும்பம். காட்டில் டென்ட் அடித்துத் தங்கலாம் என்று கிளம்பி வந்தவர்கள், சாமான் வாங்க ஊர்க் கடையில் நிறுத்தினார்கள்.

கடை வாசலிலேயே சிலர் பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். 'நீங்கள் ஆன்டிஃபாவா?' என்று கேட்டார்கள். இல்லை, சுற்றுலா வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பம் காட்டுப் பாதையில் போனது. பின்னாலேயே சில வண்டிகள் தொடர்ந்தன. வண்டியில் இருந்த சிலரிடம் துப்பாக்கி இருந்ததாகக் குடும்பத்தினர் போலீஸிடம் சொன்னார்கள். டென்ட் அடித்த பிறகு தூரத்தில் மரம் அறுக்கும் ரம்பச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டன. பயந்துபோய்த் திரும்பக் கிளம்பினால், வழியில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. வெளியேற வழியில்லை.

போலீஸுக்கு போன் போட்டார்கள். போலீஸ் வருவதற்குள் அந்த ஊர் ஹைஸ்கூல் பையன்கள் நாலு பேர் ரம்பத்தோடு வந்து, மரங்களை அறுத்து ஓரமாகத் தள்ளி, பஸ்ஸை அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கும் எந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஒன்பது நாள் முன்னால், 2020 மே 25 அன்று, 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள மினியாபொலிஸ் நகரில் டெரெக் சாவின் என்ற போலீஸ்காரர் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். அந்த அதிர்ச்சி ஃபோர்க்ஸுக்கு வந்து சேர்ந்த விதம் இது.

ஃப்ளாய்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெருநகரக் காட்சிகள். எரிந்த போலீஸ் ஸ்டேஷன், வெள்ளை மாளிகை முன் கண்ணீர்ப்புகை, நியூயார்க் தெருக்கள். சிற்றூர்களில் நடந்தது டிவியில் அவ்வளவாக வரவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தை அதற்கு முந்தையவற்றிலிருந்து வேறுபடுத்தியதே சிற்றூர்கள்தான்.

எத்தனை ஊர்?

நான்கு கருத்துக்கணிப்புகளை வைத்து நியூயார்க் டைம்ஸ் போட்ட கணக்கின்படி, 2020 ஜூன் இறுதிக்குள் 1.5 கோடி முதல் 2.6 கோடி பேர் வரை ஏதாவது ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டார்கள். உச்சம் தொட்ட ஜூன் 6 அன்று மட்டும் சுமார் 550 இடங்களில் 5 லட்சம் பேர்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுன்டி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் பலவும் மிகச் சிறியவை. நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் கவுன்டிகள். அவற்றில் குறைந்தது 1,360ல், அதாவது 40 சதவீதத்துக்கும் மேல், போராட்டம் நடந்தது. நடந்த கவுன்டிகளில் ஏறக்குறைய 95 சதவீதம் வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ளவை. நாலில் மூன்று கவுன்டிகளில் வெள்ளையர் 75 சதவீதத்துக்கும் அதிகம்.

கறுப்பினத்தவர் ஒருவர்கூட வசிக்காத தெருக்களில், கறுப்பின உயிர்களும் முக்கியம் என்று எழுதிய அட்டையோடு ஆட்கள் நின்றார்கள் என்று அர்த்தம். மோன்டானாவின் ஹாவ்ரே, நெப்ராஸ்காவின் நார்ஃபோக் என்று பெயர்கள் நீள்கின்றன. பெரும்பாலான அமெரிக்கர்களே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்கள்.

ஜூன் முதல் வாரத்திலேயே இதைக் கவனித்தவர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் லாரா புட்னம். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பரவலான போராட்டம் இது என்று அவரும், போராட்டக் கூட்டங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களான எரிக்கா செனோவெத், ஜெரமி பிரஸ்மன் ஆகியோரும் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் பரவல் என்று சொன்னது தலைகளை அல்ல, இடங்களை எண்ணி.

50 பேர் ஏன் பெரிய கூட்டம்?

லட்சம் பேர் நடக்கும் ஊர்வலத்தில் நீங்கள் ஒரு தலை. மாஸ்க் வேறு போட்டிருக்கிறீர்கள், அது கொரோனா காலம். உங்கள் மேனேஜர் டிவியில் பார்த்தாலும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

மூவாயிரம் பேர் உள்ள ஊரில் கதை வேறு. சிக்னல் பக்கத்தில் அட்டையோடு நிற்கிறீர்கள். கடந்துபோகிற ஒவ்வொரு காரிலும் தெரிந்த முகம். ஒருவர் உங்கள் ஸ்கூல் கோச். இன்னொருவர் உங்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்த வங்கி ஊழியர். எதிர்ப்பக்கம் பாதுகாப்புக்கு நிற்கிற போலீஸ்காரர் உங்கள் வகுப்புத் தோழியின் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே சர்ச்சில் சந்தித்தாக வேண்டும்.

சிற்றூரில் போராடுவதற்குக் கொடுக்கிற விலை பெரும்பாலும் லத்தி அடியோ கைதோ அல்ல. மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது கடைக்காரர் முகம் கொடுக்கிறாரா இல்லையா என்பதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அதுதான் வாழ்க்கை.

சூரியன் மறைந்த பிறகு

சில ஊர்களில் இந்த நெருக்கத்துக்குப் பின்னால் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவில் 'சன்டவுன் டவுன்' என்பார்கள். பகலில் கறுப்பினத்தவர் வந்து வேலை செய்யலாம், சூரியன் மறைவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். சில இடங்களில் ஊர் எல்லையில் பலகையே வைத்திருந்தார்கள். சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவன் 2005ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இவை தென்மாநிலங்களில்தான் அதிகம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். வடக்கிலும் மத்திய மேற்கிலும்தான் அதிகம் என்று அவர் காட்டினார்.

அவர் எழுதிய ஊர்களில் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் ஆனா. நாலாயிரத்துச் சொச்சம் பேர். 1909 நவம்பரில், அந்த ஊரைச் சேர்ந்த வெள்ளையினப் பெண் ஒருவர் அருகிலுள்ள கெய்ரோ நகரில் கொல்லப்பட்டார். கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை விசாரணையே இல்லாமல் கும்பல் கொன்றது. அதன் பிறகு ஆனாவிலிருந்த கறுப்பினக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊரின் பெயரிலுள்ள நான்கு எழுத்துகளுக்கு இனவெறி விரிவாக்கம் ஒன்றைச் சுற்றுவட்டாரத்தில் சொல்லிவந்தார்கள். அங்கு வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் மேடையில் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

2020 ஜூன் 4 அன்று அந்த ஊரில் சுமார் 200 பேர் ஊர்வலம் போனார்கள். முன்னின்று நடத்தியவர்கள் இளைஞர்கள்.

டெக்சஸின் வைடர் இன்னும் ஒரு படி மேல். சுமார் பத்தாயிரம் பேர் உள்ள இந்த ஊர், கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கோட்டை என்றே பெயர் வாங்கியது. 1993ல், நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அரசுக் குடியிருப்பில் சில கறுப்பினத்தவர் குடியேறினார்கள். மிரட்டல் தாங்காமல் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாகப் போனவர் பில் சிம்ப்சன். வைடரை விட்டுப் போன அன்றே, பக்கத்து நகரமான போமான்ட்டில் வழிப்பறிக்காரர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அந்த வைடரில் ஃப்ளாய்டுக்காகப் பேரணி என்று 2020 ஜூனில் அறிவிப்பு வந்தபோது, இது ஏதோ பொறி, யாரும் போகாதீர்கள் என்று சமூக வலைதளங்களில் எச்சரிக்கை பறந்தது. போராட்டத்துக்கு ஆதரவானவர்களே நம்பவில்லை! ஆனால் ஜூன் 6 அன்று 150லிருந்து 200 பேர் வரை வந்து நின்றார்கள். வைடர்க்காரர்களும் வந்தார்கள். போமான்ட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கறுப்பினத்தவர்களும் வந்தார்கள். அந்த வட்டாரத்துக் கறுப்பினக் குடும்பங்களில் வைடரில் பெட்ரோலுக்குக்கூட வண்டியை நிறுத்தாதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்பார்கள்.

அப்படியொரு பேரணியை முதலில் யோசித்தவர் உள்ளூர் வெள்ளை இளம்பெண் ஒருவர். ஊரின் கெட்ட பெயர் போகாதா என்ற ஆதங்கம் வைடர்க்காரர்களிடம் நிறையவே இருந்தது. இங்கே ஒரு நெருடலும் உண்டு. ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவதும் போலீஸ் வன்முறையைக் கேள்வி கேட்பதும் ஒன்றல்ல. அன்றைய கூட்டத்தில் இரண்டும் கலந்தே இருந்தன.

பெத்தெலில் அந்த ஞாயிற்றுக்கிழமை

எல்லா ஊரிலும் இப்படி அமைதியாக முடியவில்லை. ஒஹையோ மாநிலத்தின் பெத்தெல் கிராமம், சின்சினாட்டி நகருக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். மூவாயிரத்துக்கும் குறைவான மக்கள். அதற்கு முன் போராட்ட அனுபவமே இல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் ஜூன் 14 அன்று ஒரு சின்னக் கூடுகைக்கு அழைப்பு விடுத்தார். 25லிருந்து 50 பேர் வந்தால் பெரிது என்பது அவருடைய கணக்கு.

அன்று அவர்களுக்கு எதிராக வந்து நின்றவர்கள் சுமார் 700 பேர். மோட்டார் சைக்கிள் குழுக்கள், போலீஸ் ஆதரவு அமைப்பினர், துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள், கூடவே உள்ளூர்க்காரர்கள். பலர் வெளிப்படையாகத் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். போராட்டக்காரர் ஒருவரைப் பின்னாலிருந்து வந்து ஒருவர் தலையில் குத்துகிறார், சில அடி தூரத்தில் போலீஸ்காரர் நிற்கிறார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது.

ஒரு சின்னக் கூடுகைக்கு எதிராக ஏன் 700 பேர்? கலவரக்காரர்கள் ஊருக்குள் வருகிறார்கள், கடைகளைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி முந்தைய நாட்களில் ஃபேஸ்புக்கில் சுற்றியது. 'நம்ம ஊரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்' என்று கிளம்பியவர்களுக்கு, எதிரில் அட்டை பிடித்து நின்றது தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் என்பது அங்கே வந்து பார்த்த பிறகும் உறைக்கவில்லை. உறைத்தவர்களுக்கு அதுவே கூடுதல் கோபமாகவும் ஆகியிருக்கலாம்.

வராத பேருந்துகள்

ஃபோர்க்ஸ் குடும்பத்திடம் 'ஆன்டிஃபாவா' என்று கேட்டார்கள் இல்லையா? ஆன்டிஃபா என்பது பாசிச எதிர்ப்பு என்ற பெயரில் இயங்கும் தளர்வான தீவிர இடதுசாரிக் குழுக்களின் பொதுப்பெயர். அதற்குத் தலைமை அலுவலகமோ உறுப்பினர் அட்டையோ கிடையாது. ஆனால் 2020 ஜூன் முதல் வாரத்தில், பஸ் பஸ்ஸாக ஆன்டிஃபா ஆட்கள் நகரத்திலிருந்து சிற்றூர்களுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்ற ஒரே கதை, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, பல மாநிலங்களில் சுற்றியது.

ஆரேகன் மாநிலத்தின் கிளமத் ஃபால்ஸில் மே 31 அன்று சுமார் 200 பேர் போராட வந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் துப்பாக்கியோடு, பேருந்துகளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பேருந்தும் வரவில்லை. ஐடஹோவின் கோர் டலீனில் ஜூன் 1 அன்று ஆயுதம் ஏந்தியவர்கள் கடைத்தெருவில் ரோந்து போனார்கள். அங்கேயும் யாரும் வரவில்லை.

யார் கிளப்பிவிட்டது? ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நூல் பிடிபட்டது. வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் புகுந்து எடுப்போம் என்று மிரட்டிய 'ஆன்டிஃபா' ட்விட்டர் கணக்கு ஒன்றை ட்விட்டர் நிறுவனம் முடக்கியது. அதை நடத்தியது ஆன்டிஃபா அல்ல, ஐடென்டிட்டி யூரோப்பா என்ற வெள்ளை தேசியவாதக் குழுவோடு தொடர்புடையவர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. பல ஊர்களின் போலீஸும் ஷெரிஃப் அலுவலகங்களும் இது பொய் என்று பதிவு போட்டன. பதிவுக்குக் கீழேயே, எதற்கும் நாங்கள் தயாராக இருப்போம் என்று கமென்ட் வந்தது.

வதந்தி ஏன் இவ்வளவு எளிதாக எடுபட்டது என்பதற்கும் அதே நெருக்கம்தான் காரணம். நம்ம ஊரில் எல்லோரையும் எனக்குத் தெரியும், நம்ம பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் கோபம் கிடையாது, எனவே போராடுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்துக்குள் ஒருமுறை போய்விட்டால், பழைய ஸ்கூல் பஸ்ஸில் வந்த பாட்டிகூடக் கலவரக்காரர்தான்.

'நம்ம போலீஸ் அப்படி இல்லை'

அன்றைக்கு எதிர்த்துக் கத்தாதவர்களிடமும் ஒரு கேள்வி இருந்தது. மினியாபொலிஸில் நடந்ததற்கு இங்கே ஏன் போராட்டம்? நம்ம போலீஸ் அப்படி இல்லையே?

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். அமெரிக்காவில் நம்மைப் போல மாநிலம் முழுமைக்குமான ஒரே காவல்துறை கிடையாது. ஊருக்கு ஊர் தனித்தனி. அமெரிக்க நீதித்துறையின் 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 12,000க்கும் அதிகமான உள்ளூர் காவல்துறைகளில் ஏறக்குறைய பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான அதிகாரிகளே இருந்தார்கள். கவுன்டிக்கு ஷெரிஃப். பெரும்பாலான இடங்களில் அவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். பேர் தெரியும், வீடு தெரியும், பொண்டாட்டி பிள்ளைகளைத் தெரியும். சில ஊர்களில் போலீஸ் அதிகாரிகள் போராட்டக்காரர்களோடு சேர்ந்து நடந்தார்கள், மண்டியிட்டார்கள். அதில் போட்டோவுக்காக நடந்தவர்களும் உண்டு, மனதார வந்தவர்களும் உண்டு.

ஆனால் தெரிந்த போலீஸ் என்பதாலேயே அது நல்ல போலீஸ் ஆகிவிடுமா? வட கரோலினாவின் கிரஹாமைப் பாருங்கள். சிறிய ஊர். நீதிமன்ற வாசலிலேயே, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படைவீரனுக்குச் சிலை. 2020 கோடையில் சிலையைச் சுற்றிப் போராட்டம் தொடங்கியது. ஊர் நிர்வாகம் ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. இரண்டு பேர் சேர்ந்து நின்று போராடினாலே அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி! வழக்குப் போட்டார்கள், கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

அந்த ஆண்டு அக்டோபர் 31, அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், பாதிரியார் கிரெக் டிரம்ரைட் தலைமையில் ஓட்டுச்சாவடி நோக்கி ஓர் ஊர்வலம் கிளம்பியது. வழியில் ஃப்ளாய்டுக்காக 8 நிமிடம் 46 விநாடி மௌனம். (முதலில் வெளியான தகவல் அதுதான். 9 நிமிடம் 29 விநாடி என்பது சாவின் மீதான விசாரணையில் பிறகு உறுதியானது.) மௌனம் முடிந்து நடுத்தெருவிலிருந்து விலகச் சொன்ன சிறிது நேரத்தில் போலீஸும் ஷெரிஃப் ஆட்களும் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார்கள். கூட்டத்தில் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வந்தவரும் இருந்தார்கள்.

சிலை என்ன ஆனது? 2024ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்டி நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிலை அங்கேயேதான் நின்றது.

செத்தவர் நம்ம ஊர்க்காரர் என்றால்?

இதுவரை பார்த்த ஊர்களில் எல்லாம் செத்தவர் வேறு எங்கோ இருந்தவர். அதே மாநிலத்தின் எலிசபெத் சிட்டிக்கு அந்தத் தூரம் கிடைக்கவில்லை. சுமார் 18,000 பேர், அதில் பாதி கறுப்பினத்தவர்.

2021 ஏப்ரல் 20 அன்று ஃப்ளாய்ட் கொலை வழக்கில் சாவின் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. நாடே பெருமூச்சு விட்டது. மறுநாள் காலை எலிசபெத் சிட்டியில், வாரண்டோடு போன ஷெரிஃப் ஆட்கள் ஆண்ட்ரூ பிரவுன் என்ற 42 வயது கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றார்கள். காருக்குள் இருந்தார், கையில் ஆயுதம் இல்லை.

அன்று மாலையே மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்தடுத்த நாட்களும் இறங்கினார்கள். வாரக்கணக்கில் நடந்தார்கள். பெரும்பாலும் அமைதியான நடை, பாட்டு, கோஷம். கேட்டது ஒன்றே ஒன்று: போலீஸ் உடம்பில் மாட்டியிருந்த கேமரா வீடியோவை வெளியிடுங்கள். வட கரோலினா சட்டப்படி அதற்கு நீதிபதி உத்தரவு வேண்டும். குடும்பத்துக்கு முதலில் காட்டப்பட்டது 20 விநாடிக் காட்சி. பொதுவெளியில் வெளியிட நீதிபதி மறுத்தார். ஊரில் நெருக்கடி நிலை, ஊரடங்கு. பிரவுன் அதிகாரிகள் மீது காரை ஏற்ற வந்தார், எனவே சுட்டது நியாயம் என்று மே 18 அன்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். யார் மீதும் வழக்கு இல்லை. 2022ல் குடும்பத்தோடு 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

பெருநகரக் கேமராக்கள் சில வாரங்களில் கிளம்பிவிட்டன. சுட்ட ஆட்கள் வேலை பார்க்கிற அலுவலகமும் செத்தவரின் குடும்பமும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

இந்த இடத்தில் சாத்தான்குளம் ஞாபகம் வராமல் இருக்காது. ஃப்ளாய்ட் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத 2020 ஜூன் 19 அன்றுதான் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். ட்விட்டரில் இவர்களை இந்தியாவின் ஜார்ஜ் ஃப்ளாய்டுகள் என்றே பலர் எழுதினார்கள். ஒரு பேரூராட்சிக் கடைத்தெருவில் கிளம்பிய கோபம் தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பாகி, பிறகு தேசியச் செய்தியானது. ஆனால் அந்த வழக்கைத் தாங்கிய தூண் ஹேஷ்டேக் அல்ல. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், உடன் வேலை பார்த்தவர்களுக்கு எதிராக மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம். மாஜிஸ்திரேட்டிடம் பேசிவிட்டு மறுநாள் அவரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தாக வேண்டும்.

ஃபெர்குசன், பத்து வருஷம் கழித்து

ஃப்ளாய்டுக்கு ஆறு வருஷம் முன்னால் இந்த மொத்த அலையையும் தொடங்கிவைத்ததே ஒரு சிற்றூர்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன், 21,000 பேர். 2014 ஆகஸ்ட் 9 அன்று 18 வயது மைக்கேல் பிரவுனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொன்றார். ஊர் பற்றி எரிந்தபோது உள்ளூர்க்காரர்கள் சிலரின் எதிர்வினை வேறு மாதிரி இருந்தது. 'ஐ லவ் ஃபெர்குசன்' என்ற பலகைகள் வீட்டு வாசல்களில் முளைத்தன. டிவி காட்டுவது எங்கள் ஊர் அல்ல என்றார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த அமெரிக்க நீதித்துறை அறிக்கை வேறு கதை சொன்னது. கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் 67 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். 54 போலீஸாரில் கறுப்பினத்தவர் 4 பேர். ஊர் நிர்வாகத்தின் பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்க, சின்னச் சின்ன விதிமீறல்களுக்கெல்லாம் அபராதம் போட்டு வசூலிப்பதுதான் போலீஸின் முக்கிய வேலையாக இருந்தது. கட்டாவிட்டால் வாரண்ட். வாசலில் பலகை வைத்தவர்களில் பலருக்கு இது உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரே ஊர், இரண்டு ஊராக இருந்தது.

ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட எட்டாவது நாள், 2020 ஜூன் 2 அன்று, நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, ஃபெர்குசனில் மேயர் தேர்தல் நடந்தது. எல்லா ஜோன்ஸ் வென்றார். அந்த ஊரின் முதல் கறுப்பின மேயர், முதல் பெண் மேயரும் அவர்தான். நீதித்துறையோடு செய்த ஒப்பந்தப்படி போலீஸ் துறையும் மாறத் தொடங்கியது. 2024 வாக்கில் அதிகாரிகளில் சுமார் பாதிப் பேர் கறுப்பினத்தவர்.

2024 ஆகஸ்ட் 9, மைக்கேல் பிரவுன் இறந்து பத்தாவது ஆண்டு. போலீஸ் ஸ்டேஷன் முன்னால் கூடியவர்களில் சிலர் வேலியை உடைத்தார்கள். கைது செய்ய வெளியே வந்த அதிகாரிகளில் ஒருவரை, ஓடிவந்த ஒருவர் மோதித் தள்ளினார். தலையில் பலத்த அடி, மூளையில் கடுமையான காயம். அந்த அதிகாரி கறுப்பினத்தவர், அந்த வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை.